மூவரும் காத்திருப்பது ஒருவருக்காக அல்ல

யூதர்கள் மேசியா வருவார் என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் இயேசு திரும்பி வருவார் என்கிறார்கள். முஸ்லிம்கள் ஈஸா நபி இறங்கி வருவார் என்கிறார்கள். ஆகவே பெயர்தான் மூன்று, ஆள் ஒருவரே. இது புரியாமல்தான் இத்தனை நூற்றாண்டாகச் சண்டை. மத நல்லிணக்க மேடைகளில் இந்தப் பேச்சுக்குக் கைதட்டல் நிச்சயம். பண்டிகை மலர்களிலும் இதன் ஏதோ ஒரு வடிவம் கண்ணில் படுகிறது. சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொல்லும் செய்தி தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். வரலாற்றில் ஒரு தரப்பாரின் முதுகில் திரும்பத் திரும்ப விழுந்த பிரம்பும் இதே செய்திதான்.

இந்தக் கருத்தின் மிக அழகான வடிவம் ஒரு பகடி. யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் சொன்னதாக வழங்குகிறது. பாதிரியார்கள் கூடியிருந்த சபையில் அவர் பேசினாராம்: நாம் இரு தரப்பும் மேசியாவுக்குக் காத்திருக்கிறோம்; அவர் ஏற்கெனவே ஒருமுறை வந்துபோனார் என்பது உங்கள் நம்பிக்கை, இன்னும் வரவில்லை என்பது எங்கள் நம்பிக்கை; சேர்ந்தே காத்திருப்போம், வந்ததும் அவரிடமே கேட்டுவிடலாம். கொஞ்சம் நிறுத்தி, அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்று, பதில் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் காதைக் கடிப்பேன் என்று முடித்தாராம்.

பகடி என்ற அளவில் அருமை. ஆனால் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துத் தத்துவமாக்கிவிட்டார்கள். வருகிறவரிடம் இது முதல் தடவையா, இரண்டாம் தடவையா என்று கேட்டாலே வழக்கு தீர்ந்துவிடும் என்றால், தகராறு ஆள் அடையாளத்தில் மட்டும்தான் என்றாகிறது. உண்மையில் தகராறு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வருகிறவர் எதற்காக வருகிறார்? அவர் மனிதரா, கடவுளா? வேலை முடியும் முன்பே கொல்லப்பட்டால் அவரை மேசியா என்று சொல்லலாமா? இந்தக் கேள்விகளுக்கு மூவரும் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். ஆள் யார் என்பது கடைசிக் கேள்வி. அந்தப் பகடியில் முஸ்லிமுக்கு இடமே இல்லை என்பதையும் போகிற போக்கில் கவனித்துக்கொள்ளலாம்.

மேசியா என்ற கருத்து யூதர்கள் வீட்டுச் சொத்து. பழைய இஸ்ரவேலில் அரசனுக்கும் தலைமைக் குருவுக்கும் தலையில் எண்ணெய் வார்த்துப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அப்படி வார்க்கப்பட்டவர் மேசியா. ஏசாயா புத்தகத்தின் 45ஆம் அதிகாரத்தில் இந்தப் பட்டம் பாரசீக அரசன் சைரஸுக்குக் கிடைக்கிறது. தமிழ் பைபிளில் அவர் பெயர் கோரேஸ். அவர் யூதரும் அல்ல, இஸ்ரவேலின் கடவுளை அறிந்தவரும் அல்ல. அதை அந்த அதிகாரமே மறைக்காமல் சொல்கிறது. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தார், அங்கே சிறைப்பட்டுக் கிடந்த யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்டார், பட்டம் வந்து சேர்ந்தது. செய்த காரியத்துக்காகக் கிடைத்த பட்டம் அது.

பிற்காலத்தில் இந்தச் சொல் வரப்போகும் ஒரு தாவீது வம்சத்து அரசனைக் குறிக்கத் தொடங்கியது. அந்த அரசன் செய்ய வேண்டிய காரியங்கள் என்னென்ன என்பதை 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் ஒரு வழக்கறிஞரின் கறாரோடு எழுதிவைத்தார். எகிப்தில் அரசவை மருத்துவராக இருந்தவர்; 1204இல் இறந்தார். 'மிஷ்னே தோரா' என்ற அவருடைய பெரும் சட்டத் தொகுப்பில் மேசியா எங்கே வருகிறார் தெரியுமா? அரசர்களையும் போர்களையும் பற்றிய சட்டங்களில், கடைசி இரண்டு அதிகாரங்களில். பாவமன்னிப்பு பற்றிய பகுதியில் இல்லை. அவர் சொல்வதன் சாரம் இது: தாவீதின் வழித்தோன்றலாக ஓர் அரசன் எழும்பி, யூத வேதச் சட்டமான தோராவைக் கற்று, தானும் அதன்படி நடந்து, இஸ்ரவேலையும் அதன்படி நடக்கச் செய்து, போர்களையும் நடத்தினால், அவரை மேசியா என்று அனுமானிக்கலாம். அனுமானம் மட்டுமே. போர்களில் வென்று, எருசலேமில் ஆலயத்தை அதன் பழைய இடத்தில் கட்டி, சிதறிப்போன யூதர்களை ஒன்றுசேர்த்தால் மட்டுமே உறுதி. அற்புதம் செய்ய வேண்டியதில்லை. செத்தவரை எழுப்பிக் காட்ட வேண்டியதில்லை. உலகம் வழக்கம்போல் நடக்கும். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து படுக்கும் என்ற தீர்க்கதரிசனம் உவமை. அவர் தோற்றுவிட்டாலோ கொல்லப்பட்டாலோ, வாக்களிக்கப்பட்டவர் அவர் இல்லை. அவ்வளவுதான். அவர்மேல் பழி இல்லை. தாவீது வம்சத்து நல்ல அரசர்களில் ஒருவராக அவரும் செத்துப்போனார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மேசியாவும் ஒருநாள் இறப்பார், அவருக்குப் பின் மகன் ஆள்வான் என்றுகூட மைமோனிடீஸ் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறார்.

கொல்லப்பட்டால் அவர் மேசியா இல்லை என்ற விதியை அவர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராக யூதேயாவில் கிளர்ந்த படைக்குத் தலைவன் சீமோன் பார் கோசிபா. அன்றைய யூத அறிஞர்களில் முதன்மையானவரான ரபி அகிவா அவரை அரசன் மேசியா என்றே அறிவித்தார். பார் கோக்பா, அதாவது விண்மீனின் மகன், என்று பெயரே மாறியது. உன் கன்னத்தில் புல் முளைத்தாலும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான் என்ற தொனியில் அகிவாவை இன்னொரு ரபி கேலி செய்ததும் யூத மரபுத் தொகுப்பான தால்முதில் பதிவாகியிருக்கிறது. 1960-61இல் சாக்கடலை ஒட்டிய ஒரு மலைக் குகையில் யிகேல் யாதின் தலைமையிலான அகழாய்வுக் குழு அந்தத் தலைவனின் கடிதங்களையே கண்டெடுத்தது. அவற்றில் ஒன்றில் மேசியா என்ன எழுதுகிறார்? இரண்டு கழுதைகளை அனுப்பியிருக்கிறேன்; கூடாரப் பண்டிகைக்காகப் பேரீச்சங்குருத்தும் எலுமிச்சை இனக் கனிகளும் மூட்டை கட்டி முகாமுக்கு அனுப்புங்கள்; மற்ற இரண்டு வகைத் தழைகளை உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வரவழையுங்கள்; தசமபாகம் சரியாகக் கழித்திருக்க வேண்டும். ரோமப் படை சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போது பண்டிகைச் சாமான் வாங்க ஆள் அனுப்பும் தளபதி! யூத மரபு எதிர்பார்க்கும் மேசியா எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரியவைத்தது எந்த இறையியல் நூலையும்விட இந்தக் கழுதைகள்தான். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டார். அகிவாவையும் ரோமர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். அகிவா இன்றுவரை யூதர்களின் பெருமைக்குரிய ஆசான். அவர் கணிப்பு தவறிப்போனது, அதோடு சரி.

இப்போது சொல்லுங்கள், யூதர்கள் இயேசுவைப் 'புறக்கணித்தார்கள்' என்பதற்கு என்ன பொருள்? அவருடைய முதல் சீடர்கள் அத்தனை பேரும் யூதர்கள். பேதுருவும் பவுலும் யூதர்கள். ஏற்காத யூதர்கள் தங்கள் கையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். ரோம ஆட்சி அகலவில்லை. சிதறியவர்கள் திரும்பவில்லை. கி.பி. 70இல் இருந்த ஆலயமும் இடிந்தது. அந்தப் பட்டியலின்படி பார்த்தால் அங்கே ஏற்கவோ தள்ளவோ எதுவும் நடக்கவில்லை. அவர்கள் குருடாக இருந்ததால் அல்ல, வேறொன்றைத் தேடியதால் வந்த முடிவு அது.

அப்படித் தேடியது எவ்வளவு கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயம் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1665இல் இஸ்மீர் நகரத்துக்காரரான சப்தாய் செவி தன்னை மேசியா என்று அறிவித்துக்கொண்டதும் ஐரோப்பிய யூதர்களில் பெரும்பகுதி கிளம்பத் தயாரானது. ஹாம்பர்க்கில் வாழ்ந்த கிளுக்கல் என்ற வணிகப் பெண்மணி யித்திஷ் மொழியில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில், தன் மாமனார் வீடு வாசலை விட்டுவிட்டு வேறு ஊருக்கு நகர்ந்ததையும், இரண்டு பெரிய பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பிவைத்ததையும் சொல்கிறார். கப்பல் ஏறச் சொன்னால் ஏறிவிட வேண்டியதுதான் என்ற ஏற்பாடு. பீப்பாய்களுக்குள் துணிமணி, பட்டாணி, பீன்ஸ், உப்புக்கண்டம், உலர்ந்த பழம். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தும் அழைப்பு வரவில்லை. இறைச்சி கெட்டுத் துணியும் பாழாகிவிடும் என்று பயந்து, தின்பண்டங்களை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. துணி அதற்குப் பிறகும் அப்படியே கிடந்தது. இதற்கிடையில் 1666 செப்டம்பரில் எதிர்னே நகரில் சுல்தான் முன்னால் நிறுத்தப்பட்ட சப்தாய் செவி தலைப்பாகை கட்டி இஸ்லாத்துக்கு மாறிவிட்டிருந்தார். ஆன்மா பரலோகம் போவதற்கு உப்புக்கண்டம் தேவையில்லை. எருசலேமுக்குப் போக வேண்டும், வழியில் பசிக்கும் என்று நினைத்தவர்களின் எதிர்பார்ப்பு அது.

யூதர்கள் எல்லாரும் இந்த எதிர்பார்ப்பை ஒரே மாதிரி வைத்திருந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். இஸ்ரவேலுக்கு இனி மேசியா கிடையாது, எசேக்கியா அரசன் காலத்திலேயே அந்தப் பலனை அனுபவித்து முடித்தாகிவிட்டது என்று சொன்ன ஒரு ரபியின் கருத்தையும் தால்முத் தன் பக்கங்களில் வைத்திருக்கிறது. 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய சீர்திருத்த யூத ரபிகள், பாலஸ்தீனத்துக்குத் திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்று அறிவித்தார்கள். உண்மையும் நீதியும் சமாதானமும் ஆளும் காலம் பிறப்பதுதான் தங்கள் மேசிய நம்பிக்கை என்றார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. மூன்று வீட்டையும் சேர்த்து ஒரே ஆளுக்குக் காத்திருப்பதாகச் சொல்வதற்கு எத்தனை பேரின் வாயை மூட வேண்டியிருக்கிறது!

கிறிஸ்தவ நம்பிக்கையை இங்கே நீட்டி விளக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்கு அது பழக்கமானது. ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். மைமோனிடீஸின் பட்டியலில் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யும் அதே நிகழ்வு, அதாவது வேலை முடியும் முன் கொல்லப்படுவது, கிறிஸ்தவத்தில் மேசியாவின் வேலையாகவே ஆகிறது. சிலுவையில் சாவது தோல்வி அல்ல, அதற்காகத்தான் அவர் வந்தார். இந்த மாற்றம் எளிதாக நடக்கவில்லை. நீர் மேசியா என்று பேதுரு சொன்னதும், தான் பாடுபட்டுச் சாக வேண்டும் என்று இயேசு விளக்கத் தொடங்க, அதே பேதுரு அவரைத் தனியே இழுத்துக் கடிந்துகொள்கிறார். உயிர்த்தெழுந்த பிறகும், இஸ்ரவேலின் ராஜ்யத்தை இப்போதா திரும்பக் கொடுப்பீர் என்று சீடர்கள் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரமே சொல்கிறது. அருகிலேயே இருந்தவர்களுக்கும் பழைய பட்டியல்தான் மனத்தில் ஓடியது. அதைத் திருச்சபை மாற்றி எழுதியது. பாவத்திலிருந்து மனிதனை மீட்பவர், கடவுளின் மகன், 325இல் நிசேயா சங்கம் வரையறுத்தபடி தந்தையோடு ஒரே இயல்புடையவர், உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் தீர்ப்பிட மீண்டும் வருபவர். எழுதிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அப்படி எழுதியது பழைய பட்டியலின் பிரதிதான் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஒரே ஆள் என்பவர்கள் இந்த இடத்தில் தங்கள் கையிலிருக்கும் துருப்புச் சீட்டை இறக்குவார்கள். யூதர் விஷயம் இருக்கட்டும். கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே இயேசுவின் வருகையைத்தானே எதிர்பார்க்கிறார்கள்? உண்மைதான். குர்ஆன் 11 இடங்களில் ஈஸாவை மஸீஹ் என்ற பட்டத்தோடு குறிப்பிடுகிறது. கன்னி மர்யமின் மகன் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உலக முடிவுக்கு முன் அவர் இறங்கி வருவார் என்பது முஸ்லிம்களின் பொதுவான நம்பிக்கை. இங்கே ஆள் ஒருவரேதான்.

வந்து என்ன செய்வார் என்று பாருங்கள். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பிலுள்ள ஹதீஸின்படி, திமிஷ்கின் (டமாஸ்கஸின்) கிழக்கே உள்ள வெள்ளை மினாராவின் அருகே, மெல்லிய மஞ்சள் சாயம் தோய்த்த இரண்டு ஆடைகள் உடுத்தி, இரண்டு வானவர்களின் சிறகுகளில் கைவைத்தபடி அவர் இறங்குவார். டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் ஒரு மினாரா இன்றும் ஈஸாவின் பெயரால்தான் வழங்குகிறது. பொய் மேசியாவான தஜ்ஜாலை லுத் வாயிலில் பிடித்துக் கொல்வார். லுத் என்பது இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் இன்றைய லோத் நகரம். சிலுவையை உடைப்பார், பன்றியைக் கொல்வார், முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸ்யா வரியை நீக்குவார் என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தொழுகை நடத்தச் சொல்லி அழைத்தால், உங்களுக்குள்ளேயே ஒருவர் நடத்தட்டும் என்று விலகிக்கொள்வார். பிறகு இந்தப் பூமியில் வாழ்ந்து, எல்லா மனிதரையும்போல் இறப்பார். முஸ்லிம்கள் அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்துவார்கள். குர்ஆனின்படி அவர் முதல் தடவை சிலுவையில் அறையப்படவே இல்லை, இனிமேல்தான் மரணம்.

கிறிஸ்தவர் எதிர்பார்ப்பது தன் சிலுவையின் வெற்றியை நிலைநாட்ட வருபவரை. முஸ்லிம் எதிர்பார்ப்பது, தன்னைக் கடவுளாக்கியவர்களின் தவறைத் திருத்தச் சிலுவையை உடைக்க வருபவரை. ஆள் ஒருவரே என்று நிறுவியதால் இங்கே சமாதானம் வந்ததா? ஆள் ஒருவராக இருப்பதால்தான் முரண்பாடு இவ்வளவு கூர்மையாகிறது. அவரை நேசிக்கும் இரு தரப்பும் அவர் வாயிலிருந்து எதிரெதிரான இரண்டு சாட்சியங்களைக் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

இதைவிட விசித்திரம் ஒன்று இருக்கிறது. யூதர்களின் மேசியாவுக்குச் செயலளவில் மிக நெருங்கி வருபவர் கிறிஸ்தவர்களின் இயேசு அல்லர், முஸ்லிம்களின் ஈஸாகூட அல்லர், முஸ்லிம்கள் எதிர்பார்க்கும் இன்னொருவரான மஹ்தி. சாதாரண மனிதர், குறிப்பிட்ட வம்சத்தில் வருபவர், ஆட்சியைப் பிடித்து, அநீதியால் நிரம்பிய பூமியை நீதியால் நிரப்புபவர். ஒருவர் தாவீதின் வழி, இன்னொருவர் ஃபாத்திமாவின் வழி. பெயரை வைத்துத் தேடினால் இந்த ஒற்றுமை அகப்படாது. செய்யும் காரியத்தை வைத்துத் தேடினால்தான் அகப்படும். அதற்காக மஹ்தியைப் பற்றி முஸ்லிம்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. குர்ஆனில் அவர் பெயர் இல்லை. அபூதாவூதும் திர்மிதியும் பதிவுசெய்த ஹதீஸ்களை 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் ஒவ்வொன்றாக எடுத்து, அறிவிப்பாளர் வரிசையில் குறை கண்டு, பெரும்பாலானவற்றை ஒதுக்கினார். பன்னிரு இமாம் ஷியாக்களுக்கோ அவர் இனிமேல் பிறக்கப்போகிறவரே அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பிறந்து, 874இலிருந்து மறைந்து வாழும் பன்னிரண்டாம் இமாம்.

சரி, விவரத்தில் தவறியிருக்கலாம், ஒற்றுமைக்காகச் சொன்ன நல்ல வார்த்தைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் யாருக்கு என்பதை 1263ஆம் ஆண்டின் பார்சிலோனாவில் பார்க்கலாம். அராகோன் அரசர் முதலாம் ஹைமே முன்னிலையில் ஒரு விவாதம் கூட்டப்பட்டது. ஒரு பக்கம் யூதராகப் பிறந்து டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. மறுபக்கம் கேரோனா ஊரின் ரபி மோசே பென் நாக்மான், நாக்மனிடீஸ் என்று உலகம் அறிந்தவர். பாப்லோவின் வாதத்தைக் கூர்ந்து கேளுங்கள்: நீங்கள் காத்திருக்கும் மேசியாவும் நாங்கள் வணங்கும் மேசியாவும் ஒருவரே, உங்கள் தால்முதே அவர் வந்துவிட்டதை ஒப்புக்கொள்கிறது. இன்று மேடையில் கைதட்டல் வாங்கும் அதே வாக்கியம், அன்று குற்றப்பத்திரிகையின் முதல் வரி.

நாக்மனிடீஸ் அந்த விவாதத்தைத் தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பதில் இன்று படித்தாலும் மூச்சை நிறுத்துகிறது. மேசியா எங்கள் மதத்தின் அடித்தளமே அல்ல என்கிறார். அரசரைப் பார்த்து, எனக்கு மேசியாவைவிட நீங்கள் முக்கியம். நீங்களும் அரசர், அவரும் அரசர். உங்கள் ஆட்சியில் அந்நியனாக, அடங்கி வாழ்ந்துகொண்டு நான் கடவுளின் கட்டளைகளைக் கடைப்பிடித்தால் எனக்குக் கிடைக்கும் பலன் அதிகம் என்கிறார். இயேசுவின் காலத்திலிருந்து இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்தே கிடக்கிறது, மேசியா வந்துவிட்ட உலகமா இது என்று கேட்கிறார். நமக்குள் இருக்கும் உண்மையான வேறுபாடு மேசியா பற்றியதே அல்ல, கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார் என்று நீங்கள் சொல்வதைப் பற்றியது என்று அரசரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆள் யார் என்ற வலையில் அவர் காலை வைக்கவே இல்லை. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

விடைபெறும்போது அரசர் 300 காசு கொடுத்ததாக அவரே குறித்திருக்கிறார். ஆனால் துறவிகளின் பிரசங்கத்துக்கு யூதர்கள் செவிகொடுக்க வேண்டும் என்ற அரசாணையும் அதே ஆண்டில் வந்தது. விவாதத்தை எழுதிவைத்ததற்காகவே நாக்மனிடீஸ்மேல் வழக்கு எழுந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் நாட்டைவிட்டுக் கிளம்பி 1267இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். பாப்லோ பிரான்சுக்குப் போனார். 1269இல் அங்கே யூதர்கள் உடையில் அடையாள வில்லை தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணையை ஒன்பதாம் லூயி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் அவரே.

ஒரே ஆள் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அவரை ஏற்காதவருக்கு மிஞ்சுவது இரண்டே இடம்: குருடர் அல்லது பிடிவாதக்காரர். ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் தெற்கு வாசலில் 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இரண்டு பெண் சிலைகள் இதைக் கல்லில் காட்டின. ஒருத்தி திருச்சபை, கிரீடம், கையில் சிலுவையும் கிண்ணமும், நிமிர்ந்த பார்வை. மற்றவள் யூத சபை. கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது, ஈட்டி பல இடங்களில் ஒடிந்திருக்கிறது, கட்டளைப் பலகை கையிலிருந்து நழுவுகிறது. சிற்பி அவளை அழகியாகவே வடித்திருக்கிறான். வெறுப்பில் செதுக்கிய முகம் இல்லை அது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. உனக்கு முன்னாலேயே நிற்கிறார், உனக்குத்தான் தெரியவில்லை என்று பரிவோடு சொல்லும் முகம். நம் மேடைப் பேச்சின் முகமும் அதே.

இந்த எண்ணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது பரிவுகூட இல்லாதது. யூதர்கள் காத்திருக்கும் மேசியாதான் தஜ்ஜால் என்று காணொளிகள் உலவுகின்றன. முஸ்லிம்களின் மஹ்திதான் அந்திக்கிறிஸ்து என்று நிறுவும் சுவிசேஷகர்களின் நூல்கள் அமெரிக்காவில் விற்கின்றன. இவையும் நல்லிணக்கப் பேச்சும் எதிரெதிர் முனைகள் என்று தோன்றும். அடிப்படை ஒன்றே. உலகத்தில் நடக்கப்போவது ஒரே நாடகம், அது என் வேதத்திலுள்ள நாடகம், அடுத்தவன் காத்திருக்கும் ஆளுக்கும் அதில் நான்தான் வேடம் கொடுப்பேன். ஒருவர் நாயக வேடம் கொடுக்கிறார், இன்னொருவர் வில்லன் வேடம். அடுத்தவன் தனக்கென்று வேறொரு கதை வைத்திருக்கலாம் என்பதை இருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

வேறுபாட்டை அழுத்திச் சொன்னால் சண்டை வளரும் என்பது அடுத்த பயம். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மீதும் இன்றைய யூதர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்றது. கத்தோலிக்கரும் யூதரும் ஒரே மேசியாவை நம்புகிறார்கள் என்று அது கண்டுபிடிக்கவில்லை. வேறுபாடு இருந்த இடத்தில் இருந்தது, பழி அகற்றப்பட்டது. பல நூற்றாண்டு உறவைத் திருப்பிப்போட அது போதுமானதாக இருந்தது. 2001இல் பாப்பிறை விவிலிய ஆணையம் இன்னும் ஒரு படி போய், யூதர்களின் மேசிய எதிர்பார்ப்பு வீணல்ல என்று எழுதியது. மதிக்க வேண்டிய வார்த்தை. ஆனால் கையோடு, வரப்போகிறவருக்கு ஏற்கெனவே வந்த இயேசுவின் சாயல்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டது. தங்கள் நம்பிக்கையைத் தங்களுடையது என்றே சொல்லிச் சேர்த்தார்கள் என்பதால் அதில் நேர்மை இருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவானது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறிடத்தில் இருக்கிறது. நாள் குறிக்காதே என்று மூன்றும் கண்டிப்பாகச் சொல்கின்றன. முடிவின் காலத்தைக் கணக்குப் போடுகிறவர்களைத் தால்முத் சபிக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் தந்தை தவிர வேறெவரும் அறியார் என்பது சுவிசேஷம். அந்த வேளையின் அறிவு இறைவனிடம் மட்டுமே என்பது குர்ஆன். மூன்று தரப்பிலும் பின்பற்றுவோர் இதைக் காற்றில் விட்டார்கள். 1666இல் என்ன நடந்தது என்று பார்த்தோம். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று வயலில் அறுவடையைக்கூட விட்டுவிட்டுக் காத்திருந்து ஏமாந்தார்கள். ஹிஜ்ரி 1400இன் முதல் நாளான 1979 நவம்பர் 20 அன்று ஜுஹைமான் என்பவரின் கூட்டம் தன்னோடிருந்த ஒருவரை மஹ்தி என்று அறிவித்து, மக்கா பெரிய பள்ளிவாசலை ஆயுதத்தோடு பிடித்தது. இரண்டு வாரம் நீடித்த முற்றுகையில் அந்த மஹ்தியும் கொல்லப்பட்டார். கவனியுங்கள், இந்த மூன்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சொந்த மதத்தவர். ஒரே மேசியாவை நம்பியவர்களுக்குள் நேர்ந்தவை இவை.

யூதருக்கும் முஸ்லிமுக்கும் பொதுவான இன்னோர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் மரக்கன்றோடு இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு அப்புறம் அவரை வரவேற்கப் போ என்று ரபி யோகனான் பென் சக்காய் சொன்னதாக யூத மரபு வைத்திருக்கிறது. கையில் கன்று இருக்கும்போது உலக முடிவு வந்தாலும், முடிந்தால் நட்டுவிடு என்ற கருத்தில் நபிமொழி ஒன்று முஸ்லிம்களிடம் வழங்குகிறது. இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பது வியப்புத்தான். நல்லிணக்க மேடைக்குப் பொருள் தேடுகிறவர்கள் இங்கே தேடட்டும்; பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

நம் ஊரில் இந்த ஒரே ஆள் பேச்சு இவ்வளவு காலம் கேள்வி கேட்பாரின்றி ஓடுவதற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. மேடையில் பாதிரியாருக்கு நாற்காலி உண்டு, இமாமுக்கு உண்டு, ஆதீனகர்த்தருக்கு உண்டு. ரபிக்குக் கிடையாது, தமிழ்நாட்டில் யூதர் என்று சொல்லிக்கொள்ள ஆளே அரிது. பக்கத்துக் கொச்சியிலும் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். எந்த மரபிலிருந்து மேசியா என்ற கருத்தையே எடுத்தோமோ, அந்த மரபைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லாத அறையில் அவருக்காக நாமே பேசி முடித்துவிடுகிறோம்.

ஆகவே பண்டிகை மலர் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் நல்லிணக்க உரை எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூவரும் ஒருவருக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் மூவரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, வரும் பதில்களைத் திருத்தாமல் அப்படியே அச்சிடுங்கள்: அவர் வந்து என்ன செய்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?